மணிக்கூண்டு தந்த பங்குத் தரகர்

மும்பை சர்ச்கேட் ஸ்டேஷனில் இறங்கி, ஓவல் மைதானத்தின் குறுக்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு தெரியும். அதை நிமிர்ந்து பார்த்து மணியைத் தெரிந்து கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் போவார்கள்.

அதன் உயரம் 280 அடி. பெயர், ராஜாபாய் கோபுரம்.

ராஜாபாய் என்பவர் எந்த நாட்டு ராணியும் அல்ல. அவர் ஒரு பங்குத் தரகரின் தாயார். அந்தத் தரகரின் பெயர் பிரேம்சந்த் ராய்சந்த். பம்பாய் நகரையே ஒரு விரல் அசைவில் ஆட்டி வைத்தவர். பிறகு அதே நகரத்தோடு சேர்ந்து வீழ்ந்தவர். அவருடைய கதை, பங்கு வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டிய கதை.

சூரத் சிறுவன்

பிரேம்சந்த் 1831-ம் ஆண்டு சூரத்தில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சாதாரண வியாபாரி. பிழைப்புத் தேடி குடும்பம் பம்பாய்க்கு வந்தது. அங்கே சிறுவன் பிரேம்சந்த் ஆங்கிலம் படித்தார்.

அந்தக் காலத்தில் பம்பாயில் பங்குத் தரகர்கள் ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள். டவுன் ஹால் அருகே ஆலமரத்து நிழலில் கூடி வியாபாரம் பேசுவார்கள். இந்தியத் தரகர்களில் ஆங்கிலம் பேசவும், படிக்கவும், எழுதவும் தெரிந்த முதல் ஆள் பிரேம்சந்த்தான் என்று சொல்வார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகளில் நேராக நுழைந்து பேச அந்த ஆங்கிலம் உதவியது.

இன்னொரு திறமையும் அவரிடம் இருந்தது. அபார ஞாபக சக்தி! யாரிடம் என்ன விலைக்கு வாங்கினார், யாருக்கு விற்றார் என்பதையெல்லாம் காகிதத்தில் குறிக்காமல் மனதிலேயே வைத்திருப்பாராம்.

படகு அனுப்பிய கெட்டிக்காரர்

பங்கோடு பருத்தி வியாபாரத்திலும் அவர் இறங்கினார். பருத்தி விலையை நிர்ணயிக்கும் இடம் இங்கிலாந்தின் லிவர்பூல். அங்கிருந்து தபால் கப்பல் வந்தால்தான் பம்பாய்க்கு விலை தெரியும். கப்பல் கரைக்கு வரும் வரை பிரேம்சந்த் காத்திருக்க மாட்டார். வேகமான படகுகளை நடுக்கடலுக்கே அனுப்பி, சேதியை முன்கூட்டி வாங்கி விடுவாராம். மற்றவர்களுக்கு விலை தெரிவதற்குள் அவர் வியாபாரத்தை முடித்து விடுவார்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தின் மில்களுக்கு வேண்டிய பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்தே போய்க் கொண்டிருந்தது. போரினால் அந்தத் துறைமுகங்கள் அடைபட்டன. லங்காஷயர் மில்கள் இந்தியப் பருத்திக்குக் கை நீட்டின. விலை ஏறியது. மூட்டை மூட்டையாகப் பருத்தி போனது. பெட்டி பெட்டியாகப் பணம் வந்தது.

கடலுக்கு ஒரு விலை

இவ்வளவு பணத்தை வைத்துக் கொண்டு என்ன செய்வது? புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்தன. வங்கிகள், நிலக் கம்பெனிகள், கப்பல் கம்பெனிகள் என்று நாளுக்கொன்று. ஐந்தாறாக இருந்த தரகர்கள் 200 பேருக்கு மேல் பெருகினார்கள். வியாபாரிகள் மட்டுமல்ல, மாதச் சம்பளக்காரர்களும் பங்கு வாங்கினார்கள்.

இந்தக் கம்பெனிகளில் பெயர் பெற்றது, பேக்பே கடலைத் தூர்த்து நிலமாக்கக் கிளம்பிய கம்பெனி. அதன் பங்கு ஒன்றுக்குக் கட்ட வேண்டிய பணம் 5,000 ரூபாய். சந்தையில் அது 50,000 ரூபாய் வரை போனது. விற்பதாகச் சொன்ன நிலமோ இன்னும் கடலுக்குள்தான் கிடந்தது!

இந்தச் சூதாட்டத்தின் நடுநாயகம் பிரேம்சந்த். புதிய பங்கு யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது அவர் கையில் இருந்தது. அரசாங்கமே பங்கு வைத்திருந்த பம்பாய் வங்கியிலும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அவர் கை காட்டியவருக்குக் கடன் கிடைத்தது. அந்தக் கடனுக்கு ஈடு என்ன? பெரும்பாலும், ஏறிக் கொண்டிருந்த அதே பங்குகள்தான்.

பணம் குவிந்த அந்த 1864-ல் பிரேம்சந்த் பம்பாய் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு நன்கொடைகள் கொடுத்தார். நூலகத்துக்கு 2 லட்சம் ரூபாய். தாயார் பெயரில் மணிக்கூண்டுக்கு 2 லட்சம் ரூபாய். கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கும் பின்னர் 2 லட்சம் போயிற்று.

1865 ஜூலை 1

1865 ஏப்ரலில் தென் மாநிலப் படையின் தளபதி லீ சரணடைந்தார். போர் முடிந்தது. அமெரிக்கப் பருத்தி இனி வரும் என்ற சேதி பம்பாயை எட்டியதும் பருத்தி விலை சரிந்தது. பின்னாலேயே பங்குகளும் சரிந்தன.

அன்றைய வியாபாரத்தில் பெரும்பகுதி வாய்தா வியாபாரம். இன்று விலை பேசி, பின்னொரு தேதியில் பணம் கொடுத்துப் பங்கு வாங்கிக் கொள்வது. ஏராளமான வாய்தாக்கள் முடியும் தேதி 1865 ஜூலை 1. அந்த நாள் வந்தபோது கொடுக்க வேண்டியவரிடம் பணம் இல்லை. அவருக்குக் கொடுக்க வேண்டியவரிடமும் இல்லை. சீட்டுக்கட்டு வீடு போல ஒன்றின் மேல் ஒன்றாக எல்லாம் விழுந்தன.

50,000 ரூபாய் விற்ற பேக்பே பங்கு 2,000 ரூபாய்க்கும் கீழே போனது. 2,850 ரூபாய் வரை ஏறியிருந்த பம்பாய் வங்கிப் பங்கு 87 ரூபாய்க்கு வந்தது. உச்சத்தில் வாங்கியவருக்கு 100 ரூபாயில் மிஞ்சியது 3 ரூபாய்!

பிரேம்சந்த்தும் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். பம்பாய் வங்கி 1868-ல் மூடப்பட்டது. அதே ஆண்டு அதே பெயரில் புதிய வங்கி பிறந்தது. பழைய வங்கி விழுந்த விதத்தை விசாரிக்க ஒரு கமிஷனும் அமைந்தது. பங்கை ஈடாக வைத்துக் கடனை வாரி இறைத்ததன் விளைவு ஊருக்கே வெளிச்சமாயிற்று. புதிய பம்பாய் வங்கி 1921-ல் சென்னை வங்கி, வங்காள வங்கி ஆகியவற்றோடு சேர்ந்து இம்பீரியல் வங்கி ஆனது. அதுவே 1955-ல் ஸ்டேட் வங்கி ஆனது.

பழைய விலை சொல்லும் பாடம்

பிரேம்சந்த்தின் பலம், இன்றைய விலையை மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்து கொண்டது. பம்பாய் மக்களின் பலவீனம், இன்றைய விலையை மட்டுமே பார்த்தது. நேற்று என்ன விலை, போன வருஷம் என்ன விலை, இடையில் கம்பெனி என்ன சம்பாதித்தது என்று கேட்டவர்கள் குறைவு.

இன்று அந்தக் குறை இல்லை. ஒரு கம்பெனியின் பல வருஷத்து விலையையும் பங்குச் சந்தையே வெளியிடுகிறது. தொடக்க விலை, உச்ச விலை, அடி விலை, முடிவு விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதைப் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது.

முதலாவது, விலையை மட்டும் பார்க்கக் கூடாது. கம்பெனியின் லாபத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லாபம் இரண்டு மடங்கானபோது விலை பத்து மடங்கானால் யோசிக்க வேண்டும். பேக்பே கம்பெனிக்கு நிலமே இல்லை, விலை மட்டும் பத்து மடங்கு.

இரண்டாவது, உச்சத்திலிருந்து பாதியாகி விட்டதே, மலிவுதான் என்று பாய்ந்து விடக் கூடாது. 2,850-லிருந்து 1,400-க்கு வந்தபோது பம்பாய் வங்கிப் பங்கை மலிவு என்று நினைத்தவர், அது 87-க்குப் போனதையும் பார்த்திருப்பார். 87 மறுபடி 2,850 ஆக வேண்டுமானால் 33 மடங்கு ஏற வேண்டும்.

மூன்றாவது, போனஸ் பங்கு கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 1 பங்குக்கு 1 பங்கு போனஸ் என்றால் 400 ரூபாய்ப் பங்கு 200 ரூபாய் ஆகும். பட்டியலில் விலை பாதியாகத் தெரியும். ஆனால் கையில் பங்கு இரண்டு. நஷ்டம் எதுவும் இல்லை. 10 ரூபாய் முகமதிப்பை 2 ரூபாயாகப் பிரித்தாலும் இதே கணக்குதான். ஆகவே பழைய விலையை இதற்கேற்பத் திருத்திய பிறகே ஒப்பிட வேண்டும். கிடைத்த டிவிடெண்டு விலைப் பட்டியலில் சேராது. அதைத் தனியாகக் கூட்டிக் கொள்ள வேண்டும்.

நான்காவதுதான் முக்கியமானது. இன்றைய பட்டியலில் இருப்பவை பிழைத்த கம்பெனிகள் மட்டுமே. செத்துப் போனவை பட்டியலில் இல்லை. அன்று வாங்கியிருந்தால் இன்று கோடீஸ்வரன் என்று ஒரு கம்பெனியைக் காட்டிச் சொல்பவர்கள், மூழ்கிப் போன கம்பெனிகளைச் சொல்வதில்லை.

பழைய விலை நாளைய விலையைச் சொல்லாது. இந்தப் பங்கு எவ்வளவு ஏறும் என்பதை விட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும். அந்த இறக்கத்தைத் தன் சம்பளம் தாங்குமா என்று பார்த்துக் கொள்ள அதுவே போதும்.

மறுபடி எழுந்தார்

பிரேம்சந்த் ஊரை விட்டு ஓடவில்லை. மறுபடி தரகுத் தொழிலில் இறங்கிப் படிப்படியாக எழுந்தார். 1875-ல் பம்பாய்த் தரகர்கள் ஒரு சங்கம் கண்டபோது அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 318 பேர் சேர்ந்தார்கள். நுழைவுக் கட்டணம் 1 ரூபாய். அந்தச் சங்கம்தான் இன்று தலால் தெருவில் இருக்கும் மும்பை பங்குச் சந்தை. தலால் என்றால் தரகர்.

அவருடைய நன்கொடை சரிவுக்கு முன்பே பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்து விட்டது. 1869-ல் மணிக்கூண்டுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1878-ல் கட்டி முடித்தார்கள். தாயாருக்குக் கண் பார்வை இல்லை. சூரியன் மறைவதற்கு முன் சாப்பிடும் ஜைன முறைப்படி அவர் நேரம் அறிவதற்காகவே மகன் இதைக் கட்ட நினைத்தார் என்று சொல்வதுண்டு. பிரேம்சந்த் 1906-ல் காலமானார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் ஏற்பட்ட உதவித்தொகை அறிஞர்கள் பெருமையாக நினைக்கும் பரிசாயிற்று.

50,000 ரூபாய் விற்ற பேக்பே பங்கு இன்று யாரிடமும் இல்லை. அந்த விலையை நம்பி அழிந்த குடும்பங்களின் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. உச்சத்தில் இருந்தபோது மனம் வந்து கொடுத்த 2 லட்சம் மட்டும் ஓவல் மைதானத்தின் ஓரத்தில் நின்று, வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு மணி சொல்லிக் கொண்டிருக்கிறது.