பின்னத்தைக் கையில் கொடுத்த அம்மையார்

பின்னக் கணக்கு என்றதும் நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. 1/2 என்பதை மேலும் கீழும் மூன்றால் பெருக்கி 3/6 என்று எழுதச் சொன்னால் எழுதிவிடுகிறோம். பெருக்கிய பின்னும் அது எப்படிப் பழைய அரையாகவே இருக்கிறது என்று கேட்டாலோ திகைத்து நிற்கிறோம். இத்திகைப்பு நீங்கும் வண்ணம் பின்னத்தைக் குழந்தையின் கையிலேயே எடுத்துக் கொடுத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இளமையிலேயே கணிதத்தில் பெருவிருப்பு. படித்த பெண்ணுக்கு ஆசிரியைப் பணியே போதும் என்று உலகம் எண்ணிய அந்நாளில், பையன்கள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் கற்று 1896-இல் உரோமையில் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றியபோது, கை தொட்டு அறிந்ததை மனம் எளிதில் பற்றிக்கொள்கிறது என்று கண்டார். 1907 ஜனவரி 6 அன்று, ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லோரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறந்தார். அதன் புகழ் உலகறிந்தது. நாம் சொல்ல வந்தது அவருடைய வட்டங்களைப் பற்றி.

பத்து உலோகச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவான வட்டக் குழி. முதல் குழியில் முழு வட்டம் இருக்கும். இரண்டாவதில் இரு சம துண்டுகள், மூன்றாவதில் மூன்று, இப்படியே பத்தாவதில் பத்து. பிடித்துத் தூக்கத் துண்டுதோறும் ஒரு சிறு குமிழ்.

குழந்தை அரைத் துண்டு ஒன்றை எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் கால் துண்டுகளை வைத்துப் பார்க்கிறது. இரண்டு சரியாக அமர்கின்றன. (நம் பாட்டிமார் பள்ளி வாசலை மிதிக்காமலே அறிந்த கணக்குத்தான்!) மூன்றிலொரு பங்குத் துண்டு ஒன்றை வைத்தால் இடம் மிஞ்சுகிறது, இரண்டு வைத்தால் கொள்ளவில்லை. ஆறிலொரு பங்கு மூன்றும், எட்டிலொரு பங்கு நான்கும், பத்திலொரு பங்கு ஐந்தும் இடைவெளியின்றிப் பொருந்துகின்றன. சரி, தவறு என்று ஆசிரியை சொல்ல வேண்டியதில்லை; குழியே சொல்லிவிடுகிறது.

இனி, மூன்றால் பெருக்குவதைப் பார்ப்போம். அரைத் துண்டை மூன்றாக வெட்டினால் ஒன்று மூன்றாகிறது. வட்டம் முழுவதையும் அவ்வாறே வெட்டினால் ஆறு துண்டுகள். ஒவ்வொன்றும் அரையில் மூன்றிலொரு பங்கு. மேலே நிற்கும் 3 எண்ணிக்கையைப் பெருக்க, கீழே நிற்கும் 3 துண்டைச் சிறிதாக்கிவிடுகிறது. அந்த 3/3 என்பதுதான் என்ன? மூன்றாம் சட்டத்தில் எல்லாத் துண்டுகளும் நிறைந்திருப்பது. அதாவது முழு வட்டம், ஒன்று. ஒன்றால் பெருக்கினால் எந்த அளவும் மாறுவதில்லை அல்லவா? மேலும் கீழும் ஒன்றைக் கூட்டினாலும் அளவு மாறாது என்று நினைக்கும் மாணவியர் உண்டு. கூட்டிப் பாருங்கள்: 1/2 என்பது 2/3 ஆகிவிடும். அது அரைக் குழியில் கொள்ளாததைச் சற்று முன்புதான் கண்டோம்.

விதியை மட்டும் மனப்பாடம் செய்வித்தால் பரீட்சைக்குப் போதும். அடுத்த ஆண்டுக்குப் போதுமா என்பது ஐயமே. உலோகம் கிடைக்காவிடில் பெற்றோர் வீட்டில் தடித்த அட்டையில் வட்டங்கள் வெட்டித் தரலாம். துண்டுகள் மட்டும் பிசகின்றிச் சமமாக இருக்கவேண்டும்.

எண் கணிதம் கற்பிப்பதைப் பற்றி அம்மையார் எழுதிய நூல் 1934-இல் ஸ்பெயினின் பார்சலோனா நகரில் வெளிவந்தது. அவ்வாண்டே முசோலினி அரசுடன் பிணக்கு முற்றி, தாய்நாட்டை நீங்கினார். 1936-இல் ஸ்பெயினிலும் உள்நாட்டுப் போர் மூளவே ஹாலந்து சென்றார். 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்க, அவர் பகை நாட்டவர் ஆனார். மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளுக்குப் பரிசாக வைஸ்ராய் அம்மகனை விடுவித்தார். 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகளை ஒன்றாக வைத்துச் சிறு பள்ளி நடத்தினர். 1952 மே 6 அன்று ஹாலந்தின் நோர்ட்வைக் கடற்கரை ஊரில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். அவ்வூரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார்.