மௌலானா ஆசாத்: மார்க்கமும் சர்க்காரும்

மர்ஹூம் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களைக் காங்கிரஸ் தலைவராகவே நம்மில் பலர் அறிவோம். அவர் முதலில் ஓர் ஆலிம். 1888-ல் புனித மக்காவில் பிறந்தவர். தந்தையார் மௌலானா கைருத்தீன் அவர்கள் கல்கத்தாவில் ஏராளமான முரீதுகளையுடைய ஷெய்கு. தந்தைக்குப்பின் அந்த இடத்தில் அமர மைந்தர் விரும்பவில்லை, பேனாவைப் பிடித்தார்.

1912-ல் 'அல்ஹிலால்' ஏட்டைத் தொடங்கினார். திருக்குர்ஆனின் ஒளியில் அரசியல் பேசிய ஏடு அது. ஆங்கில சர்க்கார் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. 1914-ல் அதைப் பறிமுதல் செய்து 10,000 கேட்டது. அந்நாளில் 10,000 ரூபாய் எவ்வளவு பெரிய முதல் என்பதை வியாபாரிகளான நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஏடு நின்றது. 1916-ல் வங்காளத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, 1919 முடியும் வரை ராஞ்சியில் இருத்தப்பட்டார். அங்கும் ஒரு மதரஸா எழ வழிசெய்தார்.

1940 மார்ச்சில் ராம்கர் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். இஸ்லாத்தின் பதின்மூன்று நூற்றாண்டுச் செல்வத்தில் சிறிதையும் இழக்க முஸ்லிம்களுக்குச் சம்மதமில்லை. இந்தியாவின் பொதுப் பாரம்பரியத்தில் தங்களுக்குள்ள பங்கையும் அவர்கள் விடுவதற்கில்லை. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல என்பதே அன்னாரின் வாதம். அதே மாதம் லாகூரில் முஸ்லிம் லீக் வேறு தீர்மானம் செய்தது. சமுதாயத்தில் பலர் மௌலானாவை ஏசினர்.

சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி மந்திரியானார். அங்கேதான் சிக்கலான கேள்வி வந்தது: சர்க்கார் பள்ளியில் மார்க்கக் கல்வி இருக்கலாமா? சர்க்கார் முற்றிலும் ஒதுங்கினால், பிள்ளைகள் மார்க்கத்தை அரைகுறையாகப் படித்தவர்களிடம் போய்க் கற்பர், வெறிக்கு அதுவே வித்து என்று 1948-ல் அவர் எச்சரித்தார். இதில் நியாயம் உண்டென்றே நாம் கருதுகிறோம். நம் ஊர்களில் ஓதிக்கொடுக்கத் தகுந்தவரைத் தேடி அலைந்தவர்கள் ஒப்புவர். ஆனால் 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 28-வது ஷரத்து, முழுவதும் சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் மத போதனையைத் தடுத்துவிட்டது. சிறுபான்மையோர் தம் பணத்தில் பள்ளி வைத்து நடத்தும் உரிமையை 30-வது ஷரத்து காத்தது. தாம் அஞ்சியது நடந்தும் மௌலானா பதவியை உதறவில்லை. அந்தச் சட்டத்தின் கீழேயே கடைசி வரை கல்வி இலாகாவை நடத்தினார்.

1958 பிப்ரவரி 22-ல் டில்லியில் வபாத்தானார். ஜும்ஆ மஸ்ஜிதுக்கும் செங்கோட்டைக்கும் இடையே அடக்கப்பட்டார். சிறைவாசத்துக்கு நடுவே அவர் எழுதிவந்த 'தர்ஜுமானுல் குர்ஆன்' முற்றுப்பெறாமலே நின்றுபோயிற்று.