முத்துக்குள் மணல் இருக்கிறதா? தூத்துக்குடி கடலில் விடை தேடிய ஜேம்ஸ் ஹார்னெல்

சிப்பிக்குள்ளே மணல் துகள் போகும், அதுவே முத்தாகும். பள்ளியில் நம்மில் பலர் கேட்ட கதை இதுதான். ஆனால், மன்னார் வளைகுடாவில் 120 வருஷத்துக்கு முன்பே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அதில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஹார்னெல்.

யார் இவர்?

1865-ல் பிறந்த கடல் உயிரியலாளர். 1891-க்குப் பிறகு இலங்கைப் பக்கம் முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. காரணம் கண்டுபிடிக்க 1902-ல் பேராசிரியர் ஹெர்ட்மேன் வந்தார். உதவியாளராக வந்தவர்தான் ஹார்னெல். ஹெர்ட்மேன் சில மாதங்களில் ஊர் திரும்ப, ஹார்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து, அதன் இயக்குநராகவும் உயர்ந்தார். தூத்துக்குடியின் முத்துப் பார்களும் சங்குகுளிப்பும் அவர் ஆய்வுக் களங்கள். சங்கைப் பற்றி 1914-லும் நம்மூர்ப் படகுகளைப் பற்றி 1920-லும் எழுதினார். 1949-ல் காலமானார்.

என்ன கண்டார்?

முத்துகளை அறுத்துப் பார்த்தபோது நடுவில் மணல் இருந்தது அபூர்வம். நல்ல முத்துக்குக் காரணம் சிப்பிக்குள் புகும் நாடாப்புழுவின் இளம்பருவம்தான் என்று ஹெர்ட்மேனும் அவரும் முடிவுக்கு வந்தார்கள்.

சரி, அது இறுதி விடையா? இல்லை. ஓட்டை உருவாக்கும் மேலுறைச் சவ்வின் செல்கள் உள்ளே சிக்கி, பை போல வளர்ந்து, பளபளப்பான படலங்களைச் சுரப்பதால்தான் முத்து உருவாகிறது என்று பின்னால் தெரிந்தது. புழு அதற்கு ஒரு தூண்டுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து எடுத்ததும் இந்த வழியில்தான். சிறு மணியோடு ஒரு துண்டு மேலுறைச் சவ்வையும் சிப்பிக்குள் வைத்தார்கள். புழு தேவைப்படவில்லை.

வகுப்பறைக்கு இது ஏன் வேண்டும்?

விடையை மட்டும் சொன்னால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். மணல், புழு, சவ்வு என்று மூன்று விடைகளையும் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பாய் என்று கேட்டால் யோசிப்பார்கள். ஹார்னெல் பாதி சரி, பாதி தவறு. அறிவியல் பெரும்பாலும் அப்படித்தான் நகர்கிறது. தப்பான விடை சொல்லிவிடுவோமோ என்று கை தூக்கத் தயங்கும் பிள்ளைக்கு, அதைவிடத் தைரியம் தரும் பாடம் வேறென்ன?