பாடம் வகுத்த பேராசிரியர் மென்டலீவ்

இரசாயனம் பயின்ற எவரும் மென்டலீவ் என்னும் பெயரை அறியாதிருத்தல் அரிது. அவர் ஆக்கிய ஆவர்த்தன அட்டவணை உலகெங்குமுள்ள ஆய்வுகூடச் சுவர்களிலே தொங்குகின்றது. நாம் பயின்ற மிசன் பாடசாலையிலும் ஒன்று தொங்கிற்று. பன்சன் சுடரடுப்பின் புகையும் பல ஆண்டுத் தூசியும் படிந்து, கீழ் வரிசையிலுள்ள மூலகங்களின் பெயர்கள் வாசிக்க இயலாதபடி மங்கியிருந்தன. காலை வழிபாட்டு மணி அடிக்குமுன் அதன் எதிரே நின்று முதல் இருபது மூலகங்களையும் ஒப்புவித்த நாட்கள் பல. உலகத்தை மறந்து தனித்திருந்து உண்மையை நாடிய ஒருவர் திடீரெனக் கண்டெடுத்த பொருள் அது என்றே அக்காலத்தில் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்பதைப் பின்னரே அறிந்தோம். அடுத்த அத்தியாயத்தில் எந்த மூலகத்தைப் பற்றிச் சொல்வது என்று திகைத்து நின்ற ஓர் ஆசிரியரின் பாடக் குறிப்பிலேதான் அவ்வட்டவணை பிறந்தது.

இம்மலருக்கு அவர் வரலாற்றை நாம் தெரிந்தெடுத்தமைக்குக் காரணமுண்டு. அண்மையில் எமது பட்டப்படிப்புக்குரிய பாட அலகுகளைத் தெரிவு செய்யும் நாள் வந்தது. நண்பர் மூவர் கூடியிருந்தோம். எந்த அலகு வெள்ளிக்கிழமை பிற்பகலில் விழுகின்றது, எதிலே புள்ளி எளிதிற் கிடைக்கும், எதற்கு மூத்த மாணவரின் பழைய குறிப்புகள் கையிலுண்டு என்பவற்றையே ஆராய்ந்தோம். எதன் பின் எதைப் பயில்வது தகும் என்ற வினா ஒருவர் வாயிலும் எழவில்லை. பாடத்திட்டம் என்பது கந்தோர்ப் பலகையில் ஒட்டப்படும் கடதாசி என்ற அளவே எம் எண்ணம். அவ்வினாவுக்காகவே பல மாதங்கள் உழைத்த ஒருவரைப் பற்றி அன்றிரவு வாசித்தபோது எமக்கு வெட்கமாயிற்று.

டிமித்ரி இவானோவிச் மென்டலீவ் 1834ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 8ஆந் திகதி சைபீரியாவிலுள்ள தொபோல்ஸ்க் நகரிலே பிறந்தார். பெரிய குடும்பமொன்றின் கடைக்குட்டி அவர். தந்தையார் இவான் அவ்வூர் உயர்தரப் பாடசாலையின் தலைமையாசிரியர். மகன் பிறந்த ஆண்டிலேயே அவருக்குக் கண்பார்வை அற்றது, உத்தியோகமும் போயிற்று, சிறியதோர் ஓய்வூதியமே மிஞ்சிற்று. குடும்பப் பாரம் அன்னையார் மரியாவின் தலையில் விழுந்தது. அம்மையார் தம் குடும்பத்தார்க்குரிய கண்ணாடித் தொழிற்சாலையொன்றை ஏற்று நடத்திப் பிள்ளைகளைக் காத்தார். மணல் உருகிக் கண்ணாடியாகும் விந்தையைச் சிறுவன் அருகிருந்து கண்டான். அரசியற் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டு அங்கு வாழ்ந்த பசார்கின் என்பவர் அவன் தமக்கையை மணந்தார்; விஞ்ஞானத்தில் அவனுக்கு ஆசையூட்டியவர் அவரே. இலத்தீன் பாடத்தில் மட்டும் அவன் மனம் செல்லவில்லை.

1847இல் தந்தையார் காலமானார். அடுத்த ஆண்டு தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. அன்னையார் சோர்ந்தாரல்லர். 1849இல், பாடசாலைப் படிப்பை முடித்த கடைசி மகனை அழைத்துக்கொண்டு, இரண்டாயிரம் கிலோமீற்றர் அளவான தூரத்தை வண்டியிலே கடந்து மொஸ்கோ சேர்ந்தார். அந்நகரச் சர்வகலாசாலை மகனை ஏற்கவில்லை. மீண்டும் பயணப்பட்டுப் பீற்றர்ஸ்பேர்க் நகரை அடைந்தார். 1850இல், தந்தையார் முன்னர் பயின்ற ஆசிரியர் கலாசாலையிலே மகனுக்கு அரசாங்கச் செலவில் இடங் கிடைத்தது. அவ்வாண்டே அன்னையார் கண் மூடினார். தாலிக்கொடியை அடகு வைத்துப் பிள்ளையைப் படிப்பித்த தாய்மார் எம் ஊர்களிலும் உளராதலின், இதனை மேலும் விரித்துரைக்க வேண்டியதில்லை. 37 ஆண்டுகள் கழிந்தபின், கரைசல்களைப் பற்றித் தாம் எழுதிய பெரு நூலை மென்டலீவ் அன்னையின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

அவர் புகுந்தது ஆசிரியர்களை ஆக்குதற்கென்றே ஏற்பட்ட கலாசாலை என்பதை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும். 1855இல் பொற்பதக்கத்துடன் தேறி, தென் ருஷ்யாவிலே பாடசாலை ஆசிரியராகச் சிறிது காலம் கடமையாற்றினார். பின் பீற்றர்ஸ்பேர்க் திரும்பி மேற்பட்டம் பெற்று, 1859இல் ஆராய்ச்சிக்காக ஜேர்மனியிலுள்ள ஹைடெல்பேர்க் சென்றார். அங்கிருந்தபோது, 1860 செப்டெம்பரில், கார்ல்ஸ்ரூ நகரிலே இரசாயன அறிஞரின் சர்வதேச மகாநாடு கூடிற்று.

அந்நாளைய குழப்பத்தைச் சிறிது சொல்லாவிடின் பின் வருவது விளங்காது. ஒட்சிசனின் அணுநிறை 8 என்பார் ஒரு சாரார். 16 என்பார் மற்றொரு சாரார். காபன் 6 என்றும் 12 என்றும் இரு வழக்குண்டு. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு சூத்திரம் எழுதினர். முதலாண்டு மாணவன் இரு நூல்களைத் திறந்தால் இரு வேறு இரசாயனத்தைக் காண்பான். இந்நிலையில் இத்தாலியரான கனிசாரோ எழுதிய சிறு பிரசுரமொன்று மகாநாட்டின் முடிவிலே பங்கிடப்பட்டது. அணுநிறைகளை ஒழுங்காகத் துணியும் வழியை அது தெளிவாகக் காட்டிற்று. அப்பிரசுரம் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையன்று. ஜெனோவாவிலே தம் மாணவர்க்குக் கனிசாரோ நடத்திய பாடத்தின் சுருக்கமே அது. மாணவர்க்கு விளங்கவேண்டுமென்று ஓர் ஆசிரியர் வகுத்த ஒழுங்கு உலகத்து அறிஞரின் வழக்கைத் தீர்த்தது!

1861இல் நாடு திரும்பிய மென்டலீவுக்கு நிலையான பதவியில்லை; கையிற் பணமுமில்லை. சில மாதங்களுள் சேதன இரசாயனத்துக்கு ஒரு பாடநூல் எழுதினார். அது பரிசு பெற்றது. பிறகு தொழில்நுட்பக் கலாசாலையிலும் சர்வகலாசாலையிலும் பேராசிரியரானார். 1867இல் பீற்றர்ஸ்பேர்க் சர்வகலாசாலையின் பொது இரசாயனப் பீடம் அவரிடம் வந்தது. புதிதாய் வரும் மாணவர்க்கு இரசாயனத்தின் அடிப்படை முழுவதையும் போதித்தல் அவர் கடமை. கையிலெடுத்துக் கொடுக்கத் தகுந்த நூல் ருஷ்ய மொழியில் இல்லை. ஆகவே, 1868இல் தாமே எழுதத் தொடங்கினார். ‘இரசாயனத் தத்துவங்கள்’ என்பது அந்நூலின் பெயர்.

அப்பொழுது அறியப்பட்டிருந்த மூலகங்கள் 63. முதற் பாகம் முடிந்தபோது ஐதரசன், ஒட்சிசன், நைதரசன், காபன், பின்னர் அலசன்கள் எனப்படும் புளோரீன், குளோரீன், புரோமீன், அயடீன் ஆகிய எட்டுமே விரிவாகச் சொல்லப்பட்டிருந்தன. கலியாண வீட்டில் எட்டுப் பேரை இருத்தி முதற் பந்தி முடிந்துவிட்டது. வாசலிலோ 55 பேர் காத்து நிற்கின்றனர். இலையும் சோறும் ஒரு பந்திக்கே உண்டு. அதுவே அவர் நிலை. ஒவ்வொன்றாய்ச் சொல்லப் புகுந்தால் நூலும் முடியாது, ஆண்டும் போதாது. கூட்டங் கூட்டமாகச் சொல்லியே தீரவேண்டும். எந்தக் கூட்டத்தின் பின் எந்தக் கூட்டம்?

உப்பிலே குளோரீனோடு சோடியம் சேர்ந்திருத்தலால், அலசன்களை அடுத்துச் சோடியம், பொற்றாசியம் முதலிய கார உலோகங்களைச் சொல்வது இயல்பாயிற்று. இரண்டாம் பாகம் அவ்வாறே தொடங்கிற்று. அதற்கப்பால் வழி தெரியவில்லை. அகர வரிசை ஆகாது. கண்டுபிடிக்கப்பட்ட காலவரிசையும் ஆகாது. வலுவளவு எனின் சில உலோகங்கள் இரண்டு மூன்று வலுவளவைக் காட்டி ஏய்த்தன. எஞ்சியது அணுநிறை ஒன்றே. அவர் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாய் வைத்து நோக்கினார். குளோரீன் 35.5, பொற்றாசியம் 39. புரோமீன் 80, உருபீடியம் 85. அயடீன் 127, சீசியம் 133. இயல்பிலே எதிரெதிரான இரு கூட்டங்கள் அணுநிறையிலே அடுத்தடுத்து நின்றன! மூன்றாவதாகக் கல்சியம் 40, துரந்தியம் 87.6, பேரியம் 137 என்பவற்றை எழுதினால் அவையும் அதே ஒழுங்கிற் பின்தொடர்ந்தன. அணுநிறை ஏற ஏற இயல்புகள் மாறிச் சென்று, குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் தோன்றுவதை அவர் கண்டார்.

இது நிகழ்ந்தது 1869ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் திகதி. பழைய ருஷ்யக் கணக்கில் பெப்ரவரி 17. அன்று அவர் பாற்கட்டிப் பண்ணைகளைப் பார்வையிடப் புறப்படுவதாக இருந்தது. அதுபற்றி வந்த கடிதமொன்றின் புறத்திலேயே மூலகங்களின் அணுநிறைகளை எழுதி ஒப்பு நோக்கியிருக்கின்றார். அக்கடிதம் இன்றும் உளது. அவர் கனவிலே அட்டவணையைக் கண்டார் என்றும், சீட்டுக்கட்டுப் போல் மூலகங்களை அடுக்கி விளையாடினார் என்றும் கதைகள் வழங்குகின்றன. எமக்கு அக்கடிதமே போதும். கனவு கண்டவர்க்கு இத்தனை அடித்தல் திருத்தல் வேண்டியதில்லை. அட்டவணையை அச்சிட்டு அறிஞர்க்கு அனுப்பியபின் பண்ணைகளைப் பார்க்கச் சென்றார். அதனால் ருஷ்ய இரசாயனச் சங்கத்திலே அக்கட்டுரையை நண்பர் மென்சுட்கின் வாசித்தார்.

அவ்வட்டவணையில் சில இடங்களிலே மூலகப் பெயருக்குப் பதிலாக வினாக்குறி இருந்தது. ஒழுங்கு குலையாமல் இருக்கவேண்டுமெனில் அங்கே ஏதோ இருந்தாகவேண்டும் என்றார். 1871இல் அவற்றுள் மூன்றின் இயல்புகளை முன்கூட்டியே விவரித்தார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர்கள் எம்மனோர்க்கு வியப்பளிக்கும்: ஏக அலுமினியம், ஏக போரன், ஏக சிலிக்கன். ஒன்று என்னும் பொருள்தரும் வடமொழிச் சொல்லே இங்கு நிற்பது. பாணினியின் இலக்கணத்தைப் பதிப்பித்த பேத்லிங் என்னும் அறிஞர் அந்நகரில் வாழ்ந்தவராதலின், அத்தொடர்பால் வந்தது என்று சிலர் ஊகிப்பர். நாம் அதனை வற்புறுத்தோம். 1875இல் பிரான்சிலே கலியம் அகப்பட்டது. அதன் அடர்த்தி 4.7 என்று கண்டவர் அறிவித்தார். மூலகத்தைக் கண்ணாலும் காணாத மென்டலீவ், அது 5.9 அளவில் இருத்தல் வேண்டும் என்று எழுதினார். மீண்டும் தூய்தாக்கி அளந்தபோது 5.9 என்றே வந்தது. 1879இல் ஸ்காண்டியமும் 1886இல் ஜேர்மானியமும் தத்தம் வினாக்குறிகளிலே வந்தமர்ந்தன.

அவர் சொன்னவை யாவும் பலித்தன என்று எண்ணிவிடலாகாது. இல்லாத மூலகங்கள் சிலவற்றையும் அவர் எதிர்பார்த்தார். முதுமையில் இலத்திரனையும் கதிர்த்தொழிற்பாட்டையும் பற்றிய புதுக் கருத்துகளை ஏற்க மறுத்தார். புகழ்ந்தெழுதுவோர் இதனை விட்டுவிடுவதுண்டு.

எமது சிந்தையைக் கவர்ந்தது வேறொன்று. இத்துணைப் பெரிய விதியைக் கண்டவர் தம் பாடநூலின் முதற் பக்கத்திலே அதனை வைத்திருப்பார் என்றுதானே எவரும் எதிர்பார்ப்பர்? அவர் வைக்கவில்லை. 1891இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பதிப்பிலே முதல் அத்தியாயம் தண்ணீரைப் பற்றியது. பின்னர் ஒட்சிசன், காற்று, காபன், கறியுப்பு, அலசன், சோடியம் என்று பாடம் நடக்கின்றது. ஆவர்த்தன விதி வருவது பதினைந்தாம் அத்தியாயத்தில். மாணவன் தண்ணீரையும் உப்பையும் கையாண்டு, பொருள்கள் பெருகி மனம் தடுமாறும் இடத்திலே, அத்தடுமாற்றத்துக்கு விடையாக அது வருகின்றது. மேலும், அடிப்படைச் செய்திகளைப் பெரிய எழுத்திலும், மேலே செல்வோர்க்குரியவற்றைச் சிறிய எழுத்திலுமாக அச்சிடுவித்தார். தொடக்க மாணவன் பெரிய எழுத்தை மட்டும் வாசித்துச் செல்லலாம். முதிர்ந்தவன் திரும்பி வந்து அடிக்குறிப்புகளில் உழலலாம். இரண்டு ஆண்டுக்குரிய இரு பாடங்கள் ஒரே பக்கத்தில்!

நாமோ அட்டவணையை முதல் நாளிலேயே பெற்றோம். விடையை மனனஞ் செய்தோம். வினா யாதென்று ஒருவரும் எமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்டிலோம். அவர் முறை இன்றைய பரீட்சைக்கு ஏற்குமோ என்பது ஐயமே. பதினைந்தாம் அத்தியாயம் வரும்வரை எந்தப் பரீட்சகரும் காத்திரார். ஆயினும் அலகுகளைத் தெரிந்த பட்டியலை நாம் மறுநாள் எடுத்துத் திருத்தினோம். வெள்ளிக்கிழமைப் பிற்பகல் வகுப்பொன்று அதிலே இடம்பெற்றுவிட்டது. நண்பர் இருவரும் இன்னும் எம்மைக் கடிந்துகொள்கின்றனர்.

மென்டலீவின் விரிவுரைகளுக்குப் பிற துறை மாணவரும் வந்து மண்டபம் நிறைவது வழக்கம். பெண்களுக்கென நடத்தப்பட்ட உயர்தர வகுப்புகளிலும் அவர் போதித்தார். புகழ் ஓங்கியிருந்த 1880ஆம் ஆண்டிலேயே பேரறிஞர் கழகத்து வாக்கெடுப்பிலே தோற்கடிக்கப்பட்டார். 1890இல் மாணவர் கிளர்ச்சி எழுந்தது. அவர்கள் எழுதிய விண்ணப்பத்தைக் கல்வி மந்திரியிடம் கொண்டு சென்றவர் இவரே. மந்திரி அதனைத் திருப்பி அனுப்பினார். 23 ஆண்டுகள் வகித்த பீடத்தை விட்டு இவர் விலகினார். பின்னர் 1893 முதல் நிறை அளவை நிலையத்தின் தலைவராயிருந்து, ருஷ்யாவிலே மீற்றர் முறைக்கு வழி திறந்தார்.

சர்வகலாசாலையை விட்டாலும் பாடநூலை அவர் விடவில்லை. ஒவ்வொரு பதிப்பிலும் அடிக்குறிப்புகள் பெருகின. எட்டாம் பதிப்பு 1906இல் வந்தது. 1907ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 2ஆந் திகதி அவர் காலமானார். இறுதி ஊர்வலத்திலே, பெரியதோர் ஆவர்த்தன அட்டவணையை உயரத் தாங்கிக்கொண்டு மாணவர் முன்னே நடந்தனர்.