வெயிலைத் தாங்கும் மாடு எப்படி வந்தது? ராபர்ட் கிளேபர்க்கின் கதை

மத்தியான வெயிலில் பேருந்துக்காகப் பத்து நிமிஷம் நின்றாலே நமக்கு வியர்த்துக் கொட்டுது. குளிர்நாட்டு மாட்டை அதே வெயிலில் நாள் முழுக்க மேயவிட்டால் என்ன ஆகும்?

மேய்ச்சலை விட்டுவிட்டு நிழலைத் தேடிப் போகும். தீனி குறையும், எடை ஏறாது, சினை பிடிப்பதும் குறையும். நூறு ஆண்டுக்கு முன்பு அமெரிக்காவின் தென் டெக்சஸில் மாடு வளர்த்தவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. அதற்கு வழி கண்டவர்தான் ராபர்ட் கிளேபர்க்.

யார் இவர்?

1896இல் டெக்சஸில் பிறந்தார். தாய்வழித் தாத்தா ரிச்சர்ட் கிங் 1853இல் தொடங்கியது கிங் பண்ணை. எவ்வளவு பெரிசுன்னு கேட்கிறீங்களா? இன்றைக்கும் அது சிங்கப்பூரைவிட நான்கு மடங்குக்கும் மேல் பெரியது!

விஸ்கான்சினில் விவசாயம் படித்துக்கொண்டிருந்த கிளேபர்க், தந்தையின் உடல்நிலை காரணமாக 1916இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 20.

என்ன சிக்கல்?

பண்ணையில் இருந்த ஷார்ட்ஹார்ன் இங்கிலாந்து மாடு. சாதுவானது, சதைப்பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் டெக்சஸ் வெயிலும் உண்ணிக்கடியும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு பக்கம், இந்தியாவிலிருந்து போன மாடுகளின் வழிவந்த பிராமன் இனம். மாட்டுப் பொங்கல் படங்களில் பார்ப்பீங்களே, திமிலும் தொங்கும் தாடையும்... அந்த வகைதான். குட்டை ரோமம், தளர்ந்த தோல், வெப்பத்தைத் தாங்கும் உடல். உண்ணிக்கும் லேசில் அசராது. ஆனால் இறைச்சி ஷார்ட்ஹார்ன் அளவுக்கு மென்மையாக இருக்காது.

இரண்டையும் கலந்தால்? அங்கேதான் கணக்கு வருது. கன்றுக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி மரபணு கிடைக்கும். காளை முக்கால் பிராமன், பசு முழு ஷார்ட்ஹார்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்றில் பிராமன் பங்கு எட்டில் மூன்று. கிங் பண்ணை கடைசியில் வந்து நின்ற கலவையும் ஏறக்குறைய இதுதான்.

கலந்தால் மட்டும் போதுமா?

போதாது. முதல் கலப்பில் பிறக்கும் கன்றுகள் பெரும்பாலும் நல்லா வளரும். இதைக் கலப்பின வீரியம் என்பார்கள். ஆனால் அவற்றையே தங்களுக்குள் இணைசேர்த்தால், அடுத்த தலைமுறை ஆளுக்கொரு மாதிரி பிறக்கும். ஒன்று வெயில் தாங்கும், இன்னொன்று தாங்காது. நல்ல குணம் தலைமுறைதோறும் தப்பாமல் வந்தால்தான் அது தனி இனம்.

1920இல் அந்தப் பண்ணையில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு காளைக்கன்று பிறந்தது. ஓயாமல் சேட்டை செய்ததால் மங்கி என்று பெயர். தோற்றத்தைவிட முக்கியம், அதன் குணங்கள் அப்படியே கன்றுகளிடம் வந்ததுதான். கிளேபர்க் அதன் மகன்களையும் பேரன்களையும் மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார்.

இதில் ஆபத்தும் உண்டு. நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்தால் மறைந்திருக்கும் குறைகள் வெளியே வரலாம். அதனால் தேறாத மாடுகளைக் கழித்துக்கொண்டே இருக்கணும். மரபணுச் சோதனை இல்லாத காலம். டிஎன்ஏவின் வடிவமே 1953இல்தான் தெரியவந்தது. கண்ணும் பதிவேடும் பொறுமையும்தான் அவருடைய ஆய்வுக்கூடம்.

அவர் தனியாகவும் செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் உழைத்த மெக்சிக வம்சாவளி மாடு மேய்ப்பர்கள்தான் குதிரைமேல் அந்த மந்தைகளைக் கட்டிக்காத்தார்கள். வரலாற்றில் அவர்கள் பெயர் அதிகம் வருவதில்லை.

பலன் என்ன?

1940இல் அமெரிக்க வேளாண் துறை சாண்டா கெர்ட்ரூடிஸ் என்ற பெயரில் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் உருவான இறைச்சி மாட்டினம் இது. மங்கி 1932லேயே இறந்துவிட்டது. ஆனால் இந்த இனம் முழுவதும் அதன் வம்சம்தான். 1952இல் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறியது.

குதிரைப் பந்தய உலகிலும் கிளேபர்க்குக்குப் பெயர் உண்டு. 1946இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற அசால்ட், கிங் பண்ணைக் குதிரை. கிளேபர்க் 1974இல் காலமானார்.

யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் உழவுக்கும் வண்டிக்கும் பாலுக்கும் வளர்க்கப்பட்டு, பலர் வணங்கும் மாட்டின் வழித்தோன்றல்கள், கடல் தாண்டி ஒரு இறைச்சி மாட்டினத்துக்கே அடித்தளமாகிவிட்டன!

இந்த வழி நமக்கும் தூரமில்லை. மலேசியாவில் மார்டி ஆய்வாளர்கள் உள்ளூர் கெடா-கிளந்தான் மாட்டையும் பிராமனையும் கலந்து பிராக்மாஸ் என்ற இனத்தை உருவாக்கினார்கள். பூமி சூடாகிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில், அன்று கிளேபர்க்குக்கு வந்த அதே தலைவலி இன்று இன்னும் பல நாடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது.