கம்பி வடம் சொன்ன கதை

ஈப்போ, புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் மணத்தோடு வளர்ந்தவன் நான். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு எனக்குப் பெருஞ்சோதனையாக அமைந்தது. கணிதத்தில் தோல்வி. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாம் என்றே எண்ணியிருந்தேன். அப்போது இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பிச் சுருளைக் காட்டி விரிவுரையாளர் சொன்ன ஒரு மனிதரின் கதை என்னைத் தடுத்து நிறுத்தியது.

இன்று அதே ஆய்வை நான் என் மாணவர்களுக்குக் கற்பிக்கின்றேன். 20 மீட்டர் கோஆக்சியல் கேபிளின் ஒரு முனையில் மின்துடிப்பு ஒன்றைச் செலுத்துவோம். ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடும் அது, சுமார் 200 நானோ வினாடியில் திரும்பி வந்து அலைவுகாட்டித் திரையில் தோன்றும். மறுமுனை திறந்திருந்தால் நிமிர்ந்தே திரும்பும். உட்கம்பியையும் வெளிவலையையும் அங்கே இணைத்துவிட்டால் தலைகீழாகத் திரும்பும். 50 ஓம் கேபிளுக்கு 50 ஓம் மின்தடையைப் பொருத்தினால் எதிரலை மறைந்துவிடும். திரும்பி வரும் துடிப்பு சற்றுச் சிறுத்திருக்கும். வழியில் கம்பியின் மின்தடையும் காப்புப் பொருளும் அதன் ஆற்றலை விழுங்குவதே காரணம். இதுவே வலுவிழப்பு.

இவற்றைக் கணிதத்தில் வடித்துத் தந்தவர்தாம் ஒலிவர் ஹெவிசைடு. 1850-இல் இலண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் கண்ட செங்காய்ச்சல் அவர்தம் செவித்திறனைக் குறைத்தது. 16 வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. 1868-இல் தந்திப் பணியில் சேர்ந்து டென்மார்க்கிலும் நியூகாசலிலும் வேலை பார்த்தார். கடலடித் தந்தி வடங்கள் உலகைப் பிணைத்த காலம் அது. 1871-இன் தொடக்கத்தில் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவை அவ்வாறே இணைந்தன. அத்தகைய வடங்களுக்குக் காப்புறையாக அமைந்தது நம் மலாயாக் காடுகளிலும் கிடைத்த கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பால்.

1873-இல் மேக்ஸ்வெல்லின் மின்காந்த நூல் அவர் கைக்கு வந்தபோது பள்ளிக் கணிதத்திற்கு மேல் அவருக்கு அதிகம் தெரியாது. மறு ஆண்டே வேலையை விட்டார்; பல ஆண்டுகள் வீட்டிலிருந்தே கற்றார். 1876-இல் தந்திக் கம்பியில் அலை செல்லும் சமன்பாட்டை எழுதினார். 1880-இல் கோஆக்சியல் கேபிளுக்குக் காப்புரிமை பெற்றார். நாம் இன்று படிக்கும் நான்கு மேக்ஸ்வெல் சமன்பாடுகளின் வடிவமும் அவர் தந்ததே.

கம்பியில் மின்தூண்டலைக் கூட்டினால் குரல் உருக்குலையாமல் நெடுந்தொலைவு செல்லும் என்று 1887-இல் நிறுவினார். அஞ்சல் துறையின் உயர் பொறியாளர் வில்லியம் பிரீஸ் அதனை ஏற்கவில்லை. 1900-இல் அதே கருத்தின் அடிப்படையில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பூப்பின் பெருஞ்செல்வம் ஈட்டினார். அதற்குக் காப்புரிமை கோராதிருந்த ஹெவிசைடு வறுமையிலேயே வாழ்ந்தார். ஆயினும் 1891-இல் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1922-இல் முதலாவது ஃபாரடே பதக்கம் அவரைத் தேடி வந்தது. 1925-இல் மறைந்தார்.

அன்று ஆய்வுக்கூடத்திலிருந்து நேரே நூலகம் சென்றேன். தோற்ற பாடத்தின் முதல் அத்தியாயத்தை மீண்டும் திறந்தேன். அடுத்த பருவத்தில் தேர்ச்சி பெற்றேன். அன்புத் தம்பி தங்கைகளே, உங்களுள் எவரேனும் ஒரு தாளில் தோற்றுவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தால், புறப்படும் முன் ஒருமுறை எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு வாருங்கள். அந்தக் கம்பிச் சுருளைக் காட்டுகிறேன்.