அண்டர்-16 கோப்பைக்குப் பெயர் தந்தவர் யார்? பேட்டில் இருந்து மைக்குக்கு மாறிய விஜய் மெர்ச்சன்ட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறினால், தோளில் பெரிய கிட் பேக்கோடு நிற்கும் பள்ளிப் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலருடைய கனவு, தமிழ்நாடு அண்டர்-16 அணி. அந்த வயதினருக்காக பிசிசிஐ நடத்தும் போட்டியின் பெயர் விஜய் மெர்ச்சன்ட் கோப்பை. பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆள் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது.

யார் இவர்?

1911 அக்டோபர் 12 அன்று மும்பையில், ஜவுளி மில் நடத்திய வசதியான குடும்பத்தில் பிறந்தவர். குடும்பப் பெயர் தாக்கர்சி. பள்ளியில் சேர்ந்தபோது அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். வியாபாரி, அதாவது மெர்ச்சன்ட் என்று சொல்ல, அதுவே பெயராகப் பதிவாகிவிட்டது என்பார்கள். அந்தப் பெயரே கடைசிவரை நிலைத்தது.

முதல் டெஸ்ட் வாய்ப்பை ஏன் விட்டார்?

இந்தியா தன் முதல் டெஸ்ட்டை 1932 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடியது. அந்த இங்கிலாந்து பயணத்தில் மெர்ச்சன்ட்டும் போயிருக்க முடியும். ஆனால் அந்த ஆண்டு ஜனவரியில் காந்தி கைது செய்யப்பட்டார். தலைவர்கள் சிறையில் இருக்கும்போது அந்த நாட்டுக்கே போய் கிரிக்கெட் ஆடுவதா என்று மெர்ச்சன்ட், எல்.பி. ஜெய், சம்பக் மேத்தா ஆகியோர் பயணத்தை மறுத்துவிட்டார்கள். மெர்ச்சன்ட்டுக்கு அப்போது வயது 20. வரலாற்றின் முதல் அணியில் இடம் என்பது திரும்பக் கிடைக்காத விஷயம். தெரிந்தே விட்டார்.

18 வருஷம், 10 டெஸ்ட்: எப்படி?

1933-34 தொடரில் அறிமுகம். நம்ம சேப்பாக்கத்தில் 1934 பிப்ரவரியில் நடந்த முதல் டெஸ்ட்டிலும் ஆடினார். 1936-ல் மான்செஸ்டரில் முஷ்டாக் அலியோடு சேர்ந்து தொடக்க விக்கெட்டுக்கு 203 ரன்கள். அதில் இவர் அடித்தது 114. பிறகு உலகப் போர் வந்தது. பத்து வருஷம் இந்தியாவுக்கு டெஸ்ட்டே இல்லை. ஒரு பேட்ஸ்மேனின் உச்சகட்ட வயது அப்படியே போய்விட்டது.

1946 இங்கிலாந்து பயணத்தில் துணை கேப்டனாகப் போய் 2,385 ரன்கள் குவித்தார். 1947-48 ஆஸ்திரேலியா பயணத்துக்கு கேப்டன் பதவியே கையில் வந்தது. உடல்நிலை காரணமாகப் போக முடியவில்லை. கடைசியாக 1951 நவம்பரில் டெல்லியில் 154 ரன்கள். அப்போது வயது 40. டெஸ்ட் சதம் அடித்த மிக மூத்த இந்தியர் என்ற பெயர் அன்று கிடைத்தது. அதே ஆட்டத்தில் ஃபீல்டிங்கின்போது தோளில் அடிபட, டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. ஆடிய 10 டெஸ்ட்டும் இங்கிலாந்துக்கு எதிராகவே.

ஆக மொத்தம் 859 ரன்கள், 3 சதம், சராசரி 47.72. இவ்வளவுதானா என்று தோன்றும். முதல்தர கிரிக்கெட்டைப் பாருங்கள்: 13,470 ரன்கள், சராசரி 71-க்கு மேல். நீண்ட காலம் ஆடியவர்களில் பிராட்மேனுக்கு அடுத்த இடம். ரஞ்சி கோப்பையில் மட்டும் சராசரி 98.75. மும்பை ஆடுகளங்கள் பேட்ஸ்மேன்களுக்குச் சாதகமானவை என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் இங்கிலாந்தின் ஈரமான ஆடுகளங்களிலும் இவர் ரன் அடித்தார் என்பதற்கு 1936, 1946 பயணங்களே சாட்சி.

மைக் பிடித்தது எப்போது?

ஓய்வுக்குப் பிறகு பலர் காணாமல் போனார்கள். இவர் வானொலிக்கு வந்தார். டிவி வீட்டுக்கு வராத காலம். டிரான்சிஸ்டர்தான் மைதானம். விவித் பாரதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த இவருடைய கிரிக்கெட் நிகழ்ச்சி நாடு முழுக்கப் பிரபலம். ஆடியவரே ஆட்டத்தை விளக்குவது அன்று புதுசு. இப்போது முன்னாள் வீரர்கள் கமென்ட்ரி பாக்ஸில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களே, அந்தப் பாதையில் முன்னால் நடந்தவர்களில் இவரும் ஒருவர்.

அந்தப் புகழை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தினார். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுங்கள் என்று தொடர்ந்து பேசினார். பேச்சோடு நிற்கவில்லை, தங்கள் மில்லிலேயே வேலை கொடுத்தார்.

1971: அந்த ஒரு ஓட்டு

மெர்ச்சன்ட் தேர்வுக் குழுத் தலைவராகவும் இருந்தார். இளைஞர்களுக்கு இடம் கொடுப்பது இவர் கொள்கை. 1969-ல் குண்டப்பா விஸ்வநாத் வந்தது இவர் காலத்தில்தான். 1971 தொடக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் பயணத்துக்கு கேப்டன் யார் என்ற கேள்வி. ஒரு பக்கம் பட்டோடி, இன்னொரு பக்கம் அஜித் வடேகர். ஓட்டு சமமாக, தலைவரின் ஓட்டு வடேகருக்குப் போனது.

விமர்சனம் பறந்தது. 1946-ல் மெர்ச்சன்ட்டுக்குக் கிடைக்காத கேப்டன் பதவி பட்டோடியின் அப்பாவுக்குக் கிடைத்தது. அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார் என்றுகூடப் பேசினார்கள். மனசுக்குள் என்ன இருந்தது என்பதை யாரும் நிரூபிக்க முடியாது. முடிவு மட்டும் தெரியும். வெஸ்ட் இண்டீஸில் இந்தியாவின் முதல் தொடர் வெற்றி. அறிமுகத் தொடரிலேயே கவாஸ்கர் 774 ரன்கள். ஆகஸ்ட்டில் ஓவலில் இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றி, தொடரும் நமக்கே. இரண்டு பயணத்திலும் துணை கேப்டன், நம்ம சென்னையின் வெங்கட்ராகவன்.

ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறாரா?

ஐசிசி ஹால் ஆஃப் ஃபேம் 2009-ல் தொடங்கியது. பேடி, கவாஸ்கர், கபில் தேவ் முதலில். 1978-ல் மறைந்த வினு மன்கட்டுக்கு 2021-ல்தான் அந்தக் கௌரவம் வந்தது. தோனி 2025-ல் சேர்ந்தார். 2025 வரையிலான பட்டியலில் மெர்ச்சன்ட் பெயர் இல்லை. 10 டெஸ்ட் என்ற சின்ன எண்ணிக்கை தடையாக இருக்கலாம். ஆனால் அந்த எண் ஏன் சின்னது? போர் ஒரு காரணம், உடல்நிலை ஒரு காரணம், சிறையில் இருந்த தலைவர்களுக்காக அவரே எடுத்த முடிவு இன்னொரு காரணம். ஸ்கோர்கார்டில் இதெல்லாம் பதிவாகாது.

1987 அக்டோபர் 27 அன்று மும்பையில் மறைந்தார். அப்போது இந்தியாவில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. வான்கடே மைதானத்தில் ஒரு பெவிலியனுக்கு இவர் பெயர் இருக்கிறது. அதைவிடப் பொருத்தமானது அண்டர்-16 கோப்பைதான். சின்னப் பையன்களை நம்பி வாய்ப்புக் கொடுத்தவர் பெயரில், 16 வயதுக்குள் இருப்பவர்கள் தங்கள் முதல் பெரிய வாய்ப்பைத் தேடி வருகிறார்கள். உங்கள் தெருவில் செலக்‌ஷனுக்குப் போகும் பையன் யாராவது இருந்தால், இந்தக் கதையை ஒருமுறை சொல்லிவிடுங்கள்.